ஓடத் தெரிந்தவர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பிள்ளையை விட்டுவிட்டு நான் ஓடியிருக்கிறேன். ஐந்து வயதுக் குழந்தையை, பட்டப்பகலில், ஆளில்லாத ஓர் இடத்தில் விட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். இதைப் படித்துவிட்டு ‘நீயெல்லாம் ஒரு தாயா’ என்று கேட்கிறவர்கள் தாராளமாகக் கேட்கலாம். நானே தினமும் கேட்டுக்கொள்வதுதான். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள், அவள் மனதில் இப்போது நான் யார் என்பதுதான். ஒரு வருஷம் அது தெரியாமல் தவித்தேன்.

எங்களுக்குக் கோடை விடுமுறை என்றால் ஒரே ஊர்தான். என் கணவர் கும்பகோணத்துக்காரர். ஆறும் வாய்க்காலுமாக வளர்ந்தவர். மார்ச் மாதமே கொடைக்கானல், ஏற்காடு என்று பேச்சை ஆரம்பித்துவிடுவார். “வெயிலுக்குப் பயந்துதான் லீவே விடறாங்க. நாம என்னடான்னா வெயிலைத் தேடிப் போறோம்” என்று புலம்புவார். நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று அங்கே இருப்பது அக்கா வீட்டு வாசல் ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு தடவை அந்த வாசலை மிதிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆகவே தாம்பரத்தில் ரயில் ஏறுவோம், காலையில் சாத்தூரில் இறங்குவோம், வெள்ளரிப்பிஞ்சும் காரச்சேவும் வாங்கிக்கொண்டு டவுன் பஸ் பிடிப்போம். மலைக்குப் போகிறவர்கள் போகட்டும்.

எங்கள் ஊர் மத்தியானத்தைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். மற்ற ஊர்களில் மத்தியானம் என்றால் தூக்கம். எங்கள் ஊரில் படுத்திருப்பார்கள், தூங்க மாட்டார்கள். பட்டாசுக்குள் போகிற பொடியை நாங்கள் மருந்து என்போம். வெயில் ஏற ஏற அந்த மருந்துக்குக் கோபம் வருகிற நேரம் அது. பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை தெருவில் நாய்கூடக் குரைக்காது. வீட்டுக்கு வீடு யாரோ ஒருவர் வேலைக்குப் போயிருப்பார்கள். மிச்சப் பேர் பாயில் மல்லாந்து, கண்ணை மூடிக்கொண்டு, காதைத் திறந்து வைத்துக்கொண்டு கிடப்பார்கள். அந்தத் தெருவிலேயே மத்தியானம் குறட்டை விடுகிற ஒரே மனுஷர் என் வீட்டுக்காரர்தான்.

மகளுக்கு மூன்று வயசு இருக்கும். அப்படி ஒரு மத்தியானத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவள் மல்லாந்து படுத்து, கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் மூடியிருந்தாள். தூங்கவில்லை. இமை துடித்துக்கொண்டிருந்தது.

“என்னடி பண்ற?”

“கேக்குறேன்.”

“என்னத்த?”

“எல்லாரும் கேக்குறாங்கள்ல, அத.”

யாரும் அவளுக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. தாம்பரத்து ஃபிளாட்டில் டிவி முன்னால் வளர்கிற பிள்ளைக்கு இது எப்படித் தெரிந்தது? அக்காவிடம் சொன்னேன். “ரத்தம்டி” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அடுத்த கோடையில் இன்னொன்று. உச்சி வெயிலில் வாசலில் நின்றுகொண்டு காட்டைப் பார்த்து டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் காடு என்றால் மரக்காடு இல்லை, கரிசல் நிலமும் சீமைக்கருவேல முள்ளும்தான். நடுநடுவே தூரத்துக்கொன்றாக வெள்ளையடித்த சின்னச் சின்ன ரூம்கள் தெரியும். ஒன்று போனால் மற்றது தப்பட்டும் என்று தள்ளித் தள்ளிக் கட்டியவை. “யாருக்குடி டாட்டா?” என்றேன். “அந்த அத்தைக்கு” என்றாள். கானல் ஆடிக்கொண்டிருந்தது, வேறு எதுவும் இல்லை. அக்கா ஓடி வந்து அவள் கையைப் பிடித்து இறக்கினாள். “வெயில்ல கானலு ஆளு மாதிரி தெரியும்டி, புள்ளைக்கு என்ன தெரியும்” என்று எனக்குச் சமாதானம் சொன்னவள், சாயங்காலம் உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியே வரவில்லை.

எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். என் மகள் பள்ளிக்கூடத்தில் போய், ‘எங்க பெரியம்மாவும் அப்பா மாதிரி ஆபீஸ் போறாங்க’ என்று பெருமையடித்துவிட்டு வந்தாள். எங்கள் தாத்தா காலம்வரை பிறத்தியார் நிலத்தில் களை வெட்டின குடும்பம். அப்புறம் தீப்பெட்டி, அப்புறம் பட்டாசு. நான் ஒருத்தி படித்துத் தப்பித்தேன். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆபீஸ்களில் எத்தனையோ சட்டம் உண்டு. இரும்பு கூடாது, செருப்பு கூடாது, நைலான் சேலை கூடாது. ஆனால் எங்கள் தெருவில் எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. சத்தம் கேட்டால் ஓட வேண்டும். யாரையும் தேடக் கூடாது, யாரையும் கூப்பிடக் கூடாது. ஆளுக்கொரு பக்கம் ஓடி, ரோட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்துவிட வேண்டும். உயிரோடு இருக்கிறவர்கள் எல்லாரும் அங்கே வந்து சேர்வார்கள். வராதவர்களை அதற்கப்புறம்தான் தேடுவது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு எழுத்து வருவதற்கு முன்னால் இது வந்துவிடும். கல்யாணமான புதிதில் என் கணவர் இதைக் கேட்டுவிட்டு, “பெத்த பிள்ளையக்கூடவா தேட மாட்டீங்க?” என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. “புள்ளைக்கும் அதுதான தம்பி தெரியும். அது பாட்டுக்கு ஓடிரும்” என்றாள்.

மகளுக்கு ஐந்து முடிந்த கோடையில் நாங்கள் போனபோது மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், மூடிக்கிடந்த ஓர் ஆபீஸுக்கு வாட்ச்மேனாக இருந்தார். முந்தின வருஷம் பங்குனியில் விபத்து நடந்து பூட்டிய இடம். அக்காவும் அங்கேதான் வேலை பார்த்தாள். ஓடிப் பிழைத்தவள். அவருக்கு மத்தியானச் சோறு கொண்டுபோக அவள் கிளம்பியபோது, பெரியப்பா ஆபீஸைப் பார்க்க வேண்டும் என்று இவள் அடம்பிடித்தாள். கணவரும் சட்டையை மாட்டிக்கொண்டார். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சனியன், அன்றைக்கென்று பார்த்து எனக்கு வாய் வரவில்லை.

கேட்டுக்கு உள்ளே ஒரு வேப்பமரம். அதன் அடியில் செருப்புகள். ஜோடி ஜோடியாக, இரண்டு வரிசையாக, முப்பது நாற்பது ஜோடி. செருப்பில் ஒட்டின மணல் தரையில் உரசினால்கூட மருந்து பற்றிக்கொள்ளும் என்பதால் எல்லாரும் அங்கேதான் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். அன்றைக்குக் கழற்றிப் போட்டவர்கள் பின்பக்க வேலியைத் தாண்டி ஓடிவிட்டார்கள், செருப்புக்குத் திரும்பி வரவில்லை. ஒரு வருஷ வெயிலில் ரப்பர் சுருண்டு, வார் வெடித்திருந்தது. ஆனால் வரிசை மட்டும் கலையவில்லை. ஆட்கள் எல்லாம் உள்ளே வேலையாக இருக்கிறார்கள், சாப்பாட்டு மணி அடித்தால் வந்துவிடுவார்கள் என்பதுபோல இருந்தது. நாங்களும் பழக்கதோஷத்தில் எங்கள் செருப்பை அந்த வரிசையின் கடைசியில் விட்டோம்.

“அந்தா, நீல வாரு போட்டது என்னோடது” என்று அக்கா கையைக் காட்டினாள்.

“ஏங்க்கா எடுத்துக்கல?” என்றார் கணவர்.

“யாருமே எடுக்கலையே தம்பி. நான் மட்டும் எப்பிடி எடுக்க?”

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் வரிசையின் நடுவிலிருந்து ஒரு சின்ன ஜோடியை எடுத்துக் காலில் மாட்டியிருந்தாள். ரோஸ் கலர், மேலே ஒரு பிளாஸ்டிக் பூ. அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியிருந்தது. “அம்மா, என் சைஸு!” என்று குதித்தாள். அக்கா பாய்ந்து போய் அவள் காலிலிருந்து அதை உருவிய வேகத்தில் பிள்ளை கீழே விழுந்துவிட்டாள்.

அந்தச் செருப்புக்காரி யார் என்று அக்கா அப்புறம் சொன்னாள். பள்ளிக்கூடம் லீவு என்று அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்த பிள்ளை. சத்தம் கேட்டதும் அது சரியாக ஓடி, பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. அம்மாக்காரியும் வேலிவரை ஓடி வந்தவள்தான். பிள்ளை உள்ளே இருக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் போனாள். இரண்டாவது சத்தம் அப்போதுதான் கேட்டதாம்.

“கூறுகெட்டவ. புள்ள ரோட்டுல உக்காந்திருக்கு, இவ உள்ள போயி தேடுறா. எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொல்லிருப்பாக” என்று அக்கா திட்டினாள். திட்டிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “அந்தப் புள்ள?” என்றேன். “நல்லாத்தான் இருக்கு. ஆத்தா வருவான்னு சாயந்தரம் வரைக்கும் அங்கனயே உக்காந்திருந்துச்சு.”

மரத்தடியிலேயே மச்சானுக்குச் சோறு போட்டோம். பேச்சு வேறு எங்கோ போயிற்று. நெத்திலிக் குழம்பு வாசனை, மச்சானின் ஏப்பம், கணவர் போனில் போட்டோ எடுக்கிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிள்ளை பக்கத்தில் இல்லை என்பது தெரிந்தது. நானும் அக்காவும் எழுந்து ஆளுக்கொரு பக்கமாக ரூம் ரூமாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனோம். வெடித்துச் சிதறிய இரண்டைத் தவிர ஒவ்வொரு ரூமும் ஒன்றுபோல இருந்தது. நாலு பக்கமும் கதவு, சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் எண், உள்ளே வெறும் தரை.

ஏழாம் நம்பர் ரூமில் உட்கார்ந்திருந்தாள். ரூமுக்கு நடுவில் இல்லை, சுவரோரமாக. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டு, சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டிருந்தாள். இடது கை எதையோ பிடித்து மெதுவாகத் திருப்பியது. வலது கை பக்கத்திலிருந்து எதையோ கிள்ளி எடுத்து அதற்குள் விட்டது. தட்டி, திருப்பி, கீழே வைத்து, அடுத்ததை எடுத்தது. கையில் ஒன்றுமே இல்லை.

அக்கா வீட்டில் காகிதக் குழல் சுருட்டுவதைப் பார்த்திருக்கிறாள், அதுதான் என்று முதலில் நினைத்தேன். இல்லை. இது மருந்து போடுகிற கை. மருந்து வீட்டுக்கு வராது. ஆபீஸுக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் தெரிந்த கையசைவு அது. பள்ளி லீவில் இரண்டு வருஷம் நானும் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியும். என் மகள் அதை எங்கேயும் பார்த்திருக்க முடியாது.

நான் வாசல்படியில் நின்றேன். அவளுக்கும் எனக்கும் இரண்டே எட்டு.

“என்ன பாப்பா பண்ற?”

“வேலை.” திரும்பவில்லை.

“யாரு சொல்லிக் குடுத்தா?”

கை வேலையில் இருந்ததால் முகவாயை மட்டும் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினாள். பக்கத்தில் வெறும் தரை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

நான் ஓடவில்லை, என் கால்தான் ஓடியது என்று சொன்னால் நம்புவீர்களா? நம்ப வேண்டாம். நான்தான் ஓடினேன். வாசலில் நின்றவள் உள்ளே இரண்டு எட்டு வைக்காமல், வெளியே திரும்பி, ரூம்களுக்கு நடுவிலிருந்த சந்தில் பாய்ந்து, பின்பக்க வேலியில் எங்கே இடைவெளி இருக்கும் என்று யோசிக்காமலேயே கண்டுபிடித்து, முள் சேலையைக் கிழித்ததுகூடத் தெரியாமல் ஓடினேன். இருபது வருஷமாக நான் ஓடியதில்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டேன். அன்றைக்கு மூச்சு வாங்கவில்லை. மனதில் ஒன்றுமே இல்லை. சொல்லவே கூசுகிறது, சுகமாக இருந்தது.

ரோட்டுக்கு வந்தபோது அக்கா எனக்கு முன்னாலேயே அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஒருவரையொருவர் பார்த்தோம். கை கால் எல்லாம் இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு பேரும் சிரித்தோம். எங்கள் ஊரில் பிழைத்தவர்கள் ரோட்டில் சந்தித்தால் சிரிக்கிற சிரிப்பு அது. அப்புறம்தான் அக்காவின் முகம் மாறியது.

“ஏண்டி, புள்ள?”

திரும்பி வேலியைப் பார்த்தேன். புகை இல்லை, நெருப்பு இல்லை. அந்த வெள்ளை ரூம்கள் வெயிலில் அப்படியே நின்றன. கொஞ்ச தூரத்தில், ரோட்டோரம், டயர் வெடித்த ஒரு லாரி சாய்ந்து நின்றது. டிரைவர் இறங்கி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மச்சான் கேட்டிலேயே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட் வழியாக என் கணவர் வந்தார். ஓடி வரவில்லை, நடந்து வந்தார். மகள் அவர் தோளில் இருந்தாள். சத்தம் கேட்டதும் அவர் சோற்றுப் பாத்திரத்தைத் தாண்டி உள்ளே ஓடியிருக்கிறார், ஒவ்வொரு ரூமாகப் பார்த்து, ஏழாவதில் கண்டுபிடித்துத் தூக்கியிருக்கிறார். என்னைப் பார்த்து, “லாரி டயர்” என்றார். திட்டியிருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பேன்.

மகள் அழவில்லை. அவளை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். வந்தாள். வந்து, என் காதுக்குள் சொன்னாள்.

“எல்லாரும் ஓடிட்டீங்கம்மா. நான் மட்டும் உக்காந்திருந்தேன்.”

“எல்லாரும்னா? நானும் பெரியம்மாவுமா?”

“நீங்களும். அங்க வேலை பாத்தாங்கள்ல, அவங்களும்.”

அன்று சாயங்காலம் அக்கா அவளை மடியில் போட்டுக்கொண்டு சமாதானம் சொன்னாள். “ஒங்கம்மா ஒன்னய விட்டுட்டுப் போகல தங்கம். அதான் மொறை. சத்தம் கேட்டா யாரையும் தேடக் கூடாது. பஸ்ஸு நிக்கிற எடத்துக்கு வந்துறணும். உசுரோட இருக்கவுக எல்லாரும் அங்கன வந்துருவாக.” மகள் கவனமாகக் கேட்டாள். “ஓடத் தெரியாதவங்க?” என்றாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

தாம்பரம் திரும்பிய பிறகுதான் உண்மையான தண்டனை. அவள் என்மேல் கோபப்பட்டாளா, இல்லை. என்னிடம் வர மறுத்தாளா, அதுவும் இல்லை. சாப்பிட்டாள், பள்ளிக்கூடம் போனாள், ராத்திரி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். ஆனால் ஏதாவது சத்தம் கேட்டால் என் காலைப் பார்ப்பாள். குக்கர் விசில் அடிக்கும். மாடி வீட்டில் கட்டிலை இழுப்பார்கள். கீழே எவனாவது பைக் சைலன்ஸரில் புகைவிட்டு வெடிக்க வைப்பான். பிள்ளைகள் பயந்தால் அம்மா முகத்தைப் பார்க்கும். இவள் குனிந்து என் பாதத்தைப் பார்ப்பாள். கால் அசையவில்லை என்றால் திரும்பவும் கலர் பென்சிலை எடுத்துக்கொள்வாள். சமையலறையில் நின்றால் என் கால் மரத்துப்போகும், மாற்றி வைக்கப் பயமாக இருக்கும். அந்தத் தீபாவளிக்கு நான் மூன்று நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஜுரம் என்று சொல்லிக்கொண்டேன்.

கணவர் வாயைத் திறக்கவே இல்லை. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. “திட்டியாவது தொலைங்களேன். என்னமோ உத்தமர் மாதிரி ஏன் இப்படிக் கொல்றீங்க?” என்று கத்தினேன். அவர் சாவகாசமாகப் பேப்பரை மடித்து வைத்தார். “நான் என்ன திட்டறது? உனக்கு ஓடணும்னு தோணிச்சு. எனக்கு ஓடணும்னே தோணல. அவ்வளவுதான்” என்றார். அதில் ஒரு பழியும் இல்லை. அதனால்தான் அது அத்தனை நாள் வலித்தது.

அடுத்த கோடையில் நான் போகவே கூடாது என்றிருந்தேன். அக்கா விடவில்லை. பிள்ளை பயந்திருக்கிறது, இருக்கன்குடி மாரியம்மனுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்திருக்கிறேன், கூட்டிக்கொண்டு வா என்று போனில் ஒரே பிடியாக நின்றாள். பயந்தது பிள்ளை இல்லை, நான்தான் என்று அவளுக்கும் தெரியும். போனோம். மச்சான் காவலை விட்டு வர முடியவில்லை. நாங்கள் மூன்று பேரும் அக்காவும் மட்டும்.

அன்று வெள்ளிக்கிழமை, கூட்டம் நெரிந்தது. மொட்டை அடித்து, குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசினோம். அவள் தலையைத் தடவித் தடவிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டை நான் பிடித்திருந்தேன். விரல் வலிக்கிற அளவுக்கு. தாயே, ஒரு தடவை எனக்கு வாய்ப்புக் கொடு என்றுதான் சன்னதியில் வேண்டிக்கொண்டிருந்தேன். கேட்டதைக் கொடுக்கிறவள்தான் அவள்.

வெளியே வந்து ஆற்றுப் பக்கம் இறங்கினோம். மணலில் ஒரு குடும்பம் கிடா வெட்டிப் பந்தி போட்டுக்கொண்டிருந்தது. அவர்களில் யாரோ ஒரு பையன் அணுகுண்டு வெடியைப் பற்ற வைத்துவிட்டு விலகியிருக்கிறான். எங்களுக்குப் பத்தடி தூரத்தில் வெடித்தது.

என் கால் நின்றது. அசையவே இல்லை. மணலில் நட்டு வைத்ததுபோல நின்றேன். பார்த்தாயாடி, உன் அம்மா ஓடவில்லை, பார்த்தாயா என்று உள்ளுக்குள் ஒரு கூச்சல். கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்தப் பெருமையில் ஒரு நொடியோ இரண்டு நொடியோ போயிருக்கும். பிறகு அவளைப் பார்க்கலாம் என்று குனிந்தேன். என் கையில் சந்தன ஈரம் மட்டும் இருந்தது.

கணவர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே கூட்டத்துக்குள் ஓடினார். நானும் ஓடினேன். அந்தக் கூட்டத்தில் எங்கே பார்த்தாலும் மொட்டைத் தலை, மஞ்சள் சந்தனம், புதுத் துணி. ஒரு பிள்ளையைத் தோளைப் பிடித்துத் திருப்பினேன், வேறு முகம். இன்னொன்றைத் திருப்பினேன், அதுவும் வேறு. நூறு பிள்ளைகள் என் பிள்ளையின் தலையை வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தார்கள். நாலாவதாக நான் திருப்பிய குழந்தை என் முகத்தைப் பார்த்து வீறிட்டது, அதன் அம்மா என்னைத் தள்ளிவிட்டாள். மைக்கில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை என்பது மட்டும் ஒரு தைரியம்.

அக்கா பின்னால் வந்து என் முழங்கையைப் பிடித்தாள். அவள் முகத்தில் பதற்றமே இல்லை.

“கோட்டிக்காரி. இங்கன என்னத்தத் தேடுற? பஸ்ஸு நிக்கிற எடத்துக்குப் போடி.”

போனேன். பஸ்கள் நிற்கிற இடத்தில், சாத்தூர் பஸ்ஸுக்கு எதிரே இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு இல்லை. சுடுதரையில் அத்தனை தூரம் வந்த பாதம் சிவந்து கிடந்தது. அழவில்லை, யாரையும் தேடவில்லை. வருகிற வழியையே பார்த்துக்கொண்டு, பக்கத்தில் என் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். நான் அந்த இடத்தில் போய் விழுந்தேன். அவளைக் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

“அப்பா எங்கம்மா?”

“உள்ள உன்னத் தேடுறாருடி.”

“ம்.” பெரிய மனுஷிபோலத் தலையை ஆட்டினாள். “அப்பாதான் பாவம். அவருக்கு ஓடத் தெரியாது.”

நான் போனை எடுத்து அவரைக் கூப்பிட்டு, கிடைத்துவிட்டாள் என்று சொன்னேன். மறுமுனையில் அவர் விம்முவது கேட்டது. போனை வைத்துவிட்டு, கேட்கக் கூடாது கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

“ஏண்டி, அம்மாவ அங்கயே விட்டுட்டு ஓடி வந்தியே. அம்மாவுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா? அம்மா வராமலே போயிருந்தா என்ன பண்ணியிருப்ப?”

அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை. ஒரு நிமிஷம் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு, பயந்துபோன தன் அம்மாவுக்குத் தைரியம் சொல்கிறவளாக, என் கன்னத்தைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள்.

“நீ எப்படிம்மா வராம இருப்ப? நீதான் எல்லாரையும் விட்டுட்டு நல்லா ஓடுவியே.”